பயணச் செலவு கேட்டு ஒரு கடிதம்: சில விமர்சனக் குறிப்புகள்

கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம், பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். 'ஐயா, எங்கள் அணியின் பயணச் செலவுக்கு உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று தொடங்குகிற கடிதத்துக்கு மட்டும் ஏன் விமர்சனம் கிடையாது? அதுவும் எழுத்துதானே. அதுக்கும் ஒரு மரபு இருக்கு, தேய்ந்துபோன சொற்கள் இருக்கு, அவசரத்தில் இருக்கும் ஒரு வாசகர் இருக்கார். கவிதை சரியில்லை என்றால் கவிஞருக்கு மனசு கஷ்டப்படும், அவ்வளவுதான். இந்தக் கடிதம் சரியில்லை என்றால் யாரோ ஒருத்தர் ரயில் ஏற மாட்டார்.

கல்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த வட்டத்தில் 'இங்கிலீஷ் கொஞ்சம் பார்த்துக் கொடுப்பவர்' என்று ஒரு பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் கடந்த சில வருடங்களில் இந்த மாதிரிக் கடிதங்கள் பல என் மேசைக்கு வந்தன. கபடி அணி, ரோபோ செய்யும் பாலிடெக்னிக் பசங்க, சிலம்பம். இந்த வருடம் வந்தது ஒரு அரசு சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்ற அணி. பேசுபவர்கள் இரண்டு பேர், சட்ட ஆய்வு செய்பவர் ஒருவர், ஆக மூன்று பேர். போட்டி டெல்லிப் பக்கம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர், ஓடுகிற ரயில்களில் வேகமானதில் போனாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 'சார், இங்கிலீஷ் மட்டும் திருத்திக் குடுங்க போதும்' என்றார்கள். இங்கிலீஷில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

கடிதத்தின் அமைப்பைப் பாருங்கள். முதல் பத்தி முழுக்கப் போட்டியின் பெருமை: 'மதிப்புமிக்க', 'தேசிய அளவிலான', 'பொன்னான வாய்ப்பு'. இரண்டாம் பத்தி கல்லூரியின் பெருமை. மூன்றாம் பத்தியில் தங்க ஸ்பான்சர், வெள்ளி ஸ்பான்சர், வெண்கல ஸ்பான்சர் என்று ஒரு பட்டியல். தங்கம் கொடுத்தால் சட்டையில் பெரிய லோகோ, வெள்ளிக்குச் சின்ன லோகோ, வெண்கலத்துக்கு சமூக வலைதளத்தில் நன்றி. கடைசியில்தான் தொகை. அந்த மூன்று பேரும் யார், எந்த ஊர், எதைப் பற்றி வாதாடப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கடிதத்தில் அணி மட்டும் இருக்கு, ஆள் இல்லை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கல்லூரிக் கலைவிழாவிலிருந்துதான் வந்திருக்கணும். கலைவிழாவுக்கு ஐயாயிரம் பேர் வருவார்கள், அங்கே லோகோவுக்கு ஒரு அர்த்தம் உண்டு. மாதிரி நீதிமன்ற அறைக்குள் இருப்பது மூன்று நடுவர்கள், எதிரணி, நேரம் பார்க்கும் ஒரு ஜூனியர் மாணவர். கறுப்புக் கோட்டுக்கு மேலே எங்கே லோகோ ஒட்டுவது? புதுப்பட்டினம் பஜாரில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு டெல்லியில் ஒரு வகுப்பறையில் எட்டுப் பேர் தன் பெயரைப் பார்ப்பதால் என்ன லாபம்? அவருக்கு அது தெரியும். கடிதம் எழுதியவர்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரி நடிக்கணும் என்பதுதான் இந்த வகை எழுத்தின் முதல் விதி.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 36-ஆவது விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக்கூடாது, வழக்கு கேட்டு அலையக்கூடாது என்கிறது. 2008-இல் இணையதளத்தில் சில அடிப்படைத் தகவல்களைப் போட்டுக்கொள்ள மட்டும் தளர்த்தினார்கள். நாளைக்கு இந்த விதிக்குள் வரப்போகிற பிள்ளைகள், இன்றைக்குத் தங்கள் நெஞ்சை விளம்பரப் பலகையாக வாடகைக்கு விடுகிறோம் என்று கடிதம் எழுதுகிறார்கள். மாணவர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது, சரி. ஆனாலும் சீனியர் வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தக் கடிதத்தை நீட்டும்போது 'தங்க ஸ்பான்சர்' என்ற பகுதியை அவர் எப்படிப் படிப்பார் என்று யோசித்திருக்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம், பட்ஜெட். கடிதத்தின் முதல் வரைவில் ரயில் டிக்கெட் மூன்று பேருக்கு இருந்தது. இரண்டாவது வரைவில் இரண்டு பேருக்கு. ஏன் என்று கேட்டேன். 'மொத்தத் தொகையைப் பார்த்தா யாரும் குடுக்க மாட்டாங்க சார், அதான் குறைச்சோம்' என்றார்கள். குறைக்கப்பட்டது யார்? ஆய்வாளர். அதாவது தீர்ப்புகளைத் தேடிப் பிடித்து, இரண்டு தரப்புக்கும் எழுத்துவாதத்தை எழுதி, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்த ஆள். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 'பரவாயில்ல சார், பேசுறவங்க போனா போதும்' என்றார்.

மாதிரி நீதிமன்றப் போட்டியின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லணும். எழுத்துவாதத்தின் அட்டையில் பெயர் இருக்காது, கல்லூரியின் பெயரும் இருக்காது. அணியின் குறியீட்டு எண் மட்டும்தான். நடுவர்கள் பாரபட்சம் பார்க்கக்கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி அது. ஆனால் எழுதியவர் ஊரிலேயே நின்றுவிட்டால், அந்தப் போட்டி நடக்கிற இடத்தில் அவர் இருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. வாதத்தின் நடுவே நடுவர் ஒரு தீர்ப்பைப் பற்றித் துளைத்துக் கேட்கும்போது, மேசையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளுவது ஆய்வாளரின் வேலை. அந்த நாற்காலி காலியாக இருக்கும். ஆய்வாளருக்கென்றே தனிப் பரிசும், தனித் தேர்வும்கூட பல போட்டிகளில் உண்டு. அதுவும் போச்சு.

ஆக, அணியில் யார் முக்கியம் என்பதை இந்தப் பட்ஜெட் தீர்மானித்துவிட்டது. பயிற்றுநரோ நடுவரோ தீர்மானிக்கவில்லை. இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிற இரண்டு பேர் போகிறார்கள், உழைத்தவர் நிற்கிறார். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. கடிதம் மூன்று பேரையும் முகமில்லாத 'அணி'யாகக் காட்டியதால், ஒருத்தரை உருவி எடுத்தபோது கடிதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எண் மட்டும் மாறியது.

சரி, இந்தச் செலவை இவர்கள் ஏன் ஊரெல்லாம் கேட்டு அலையணும்? இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், மாதிரி நீதிமன்றத்தைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கின்றன. நூறு மதிப்பெண் தாள். மாதிரி நீதிமன்றத்துக்கு 30, உண்மையான விசாரணைகளைப் பார்த்துக் குறிப்பெழுத 30, கட்சிக்காரரைச் சந்திப்பது, வழக்குக்கு முந்தைய தயாரிப்பு, பயிற்சி நாட்குறிப்பு ஆகியவற்றுக்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. மாதிரி நீதிமன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், அதில் எழுத்துக்கு 5, பேச்சுக்கு 5. கவனியுங்கள், விதி எழுத்தையும் பேச்சையும் சமமாக எடை போடுகிறது. பட்ஜெட்தான் எழுத்தைக் கழற்றிவிட்டது.

ஆனால் இந்த விதி கல்லூரிக்குள் நடக்கும் பயிற்சியோடு நின்றுவிடுகிறது. வெளியூர்ப் போட்டி என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிற 'கூடுதல்'. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எல்லோரும் பார்ப்பது அந்தக் கூடுதலைத்தான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் மாதிரி நீதிமன்றக் குழுக்கள் இருக்கின்றன, உள் தேர்வு வைத்து அணிகளைப் பிரிக்கிறார்கள், பயணத்துக்குக் கல்லூரி நிதியிலிருந்து ஏதோ ஒரு பங்கு வருகிறது. அங்கே கட்டணமும் அதற்கேற்ற மாதிரி லட்சங்களில். அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, அதனால்தான் குப்பத்திலிருந்தும் ஒரு பிள்ளை படிக்க முடிகிறது. அந்தக் குறைவான கட்டணத்திலிருந்து ரயில் டிக்கெட் எடுக்கவும் முடியாது. இது எந்த முதல்வரின் குற்றமும் இல்லை. 'மாதிரி நீதிமன்றப் பயணம்' என்ற தலைப்பில் ஒரு கணக்குத் தலைப்பு இல்லாதவரை அவரால் செலவு எழுத முடியாது.

அப்போ கம்பெனிகளிடம் கேட்கலாமே என்பது எல்லோரும் சொல்லும் அடுத்த யோசனை. கடிதத்திலும் 'தங்கள் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து' என்று ஒரு வரி இருந்தது. கல்பாக்கம்காரர்களுக்கு இந்தச் சொல் நன்றாகவே பழக்கம். அணுமின் நிலையத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.எல். ஒரு பொதுத்துறை நிறுவனம், சுற்றுவட்டார ஊர்களில் அந்த நிதியில் பள்ளிக்கூட வேலைகளும் மருத்துவ முகாம்களும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் கம்பெனி கிடையாது, அரசுத் துறையின் ஓர் அங்கம், அதற்கு இந்தச் சட்டக் கடமை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே காம்பவுண்டு மாதிரிதான் தெரியும். கடிதத்தை ரெண்டு பேருக்கும் ஒரே வாசகத்தில் அனுப்பினால் ஒரு இடத்தில் அது படிக்கப்படாமலே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தாண்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடங்களின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். ஏழாவது அட்டவணையில் 'கல்வி வளர்ச்சி' இருக்கிறது. இதுவரை நம்ம பசங்க படித்துவிட்டார்கள். அதற்கு மேல் படிக்கவில்லை. 2014 ஜூனில் கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மாரத்தான், விருது விழா, டிவி நிகழ்ச்சி ஸ்பான்சர் மாதிரி ஒரே ஒரு தடவை நடக்கும் நிகழ்வுகளுக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது என்று அதில் இருக்கு. மூன்று பேர் ஒரு தடவை டெல்லி போவது எந்தப் பக்கம் சேரும்? அதுவும் போக, 2021 ஏப்ரலிலிருந்து, கம்பெனிக்காக வேலையைச் செய்யும் அமைப்பு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்கணும். மூன்று மாணவர்கள் ஒரு அமைப்பு கிடையாது. அவர்களுக்குப் பான் எண் கிடையாது, அணியின் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது.

எந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவும் கேட்கிற முதல் கேள்வி, 'செக் யார் பேருக்கு?' கடிதத்தின் கீழே இருந்தது அணித்தலைவரின் சொந்த சேமிப்புக் கணக்கு எண்ணும் ஜிபே நம்பரும். நல்ல மனசு உள்ள மேலாளர்கூட அந்த இடத்தில் நின்றுவிடுவார். சட்டம் படிக்கிறவர்களின் கடிதம் சட்டத்தில் தோற்கிறது என்பதை நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். ஆய்வாளர் பெண் மட்டும் உடனே போனில் அந்தச் சுற்றறிக்கையைத் தேட ஆரம்பித்தார்.

இனி ஒரு ஒப்பீடு, நம்ம கடற்கரையிலிருந்தே. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் கைமாறி இங்கே வந்தது. தமிழக அரசு தொண்ணூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. நேப்பியர் பாலத்துக்குச் செஸ் கட்டம் வரைந்ததெல்லாம் நினைவிருக்கும். அந்தப் போட்டியின் ஏற்பாட்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. வருகிற அணிகளின் தங்குமிடமும் சாப்பாடும் நடத்துகிறவர் பொறுப்பு. அதனால் ஏழை நாடு ஒன்றின் அணியும் வந்து சேர்ந்துவிட்டால் போதும், அப்புறம் பணக்கார அணி சாப்பிடுகிற அதே சாப்பாடுதான். 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கினார்கள். விளையாட்டு வீரர் வெளியூர்ப் போட்டிக்குப் போகணும் என்றால் விண்ணப்பிக்க ஒரு வாசல் இருக்கு.

இதைப் பொறாமையோடு சொல்லவில்லை. சதுரங்கமும் உட்கார்ந்து மூளையால் ஆடுகிற ஆட்டம், வழக்காடுவதும் அப்படித்தான். ஒன்றை 'விளையாட்டு' என்று வகைப்படுத்தியதால் அதற்கு ஒரு துறை, ஒரு நிதி, ஒரு விண்ணப்பப் படிவம் கிடைக்கிறது. இன்னொன்று 'படிப்பு' என்பதால், அதை வீட்டுச் செலவு என்று விட்டுவிடுகிறோம். படித்து முடித்த ஏழை இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிற திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தொழிலுக்குள் வந்த பிறகு கை கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதற்கு முந்தைய வருடம் ஒரு ரயில் டிக்கெட் கண்ணில் படவில்லை.

கடிதத்தைப் பற்றி நான் வைக்கும் அடுத்த புகார் கொஞ்சம் ஆழமானது. கடிதம் முழுக்க 'மாதிரி நீதிமன்றம்' என்றே இருக்கிறது. இந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மேல்முறையீட்டு வடிவம். உண்மைகள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன, சட்டம் என்ன என்பதைப் பற்றி மட்டும் வாதம். சாட்சி கிடையாது. இரண்டாவது, மாதிரி விசாரணை. சாட்சி கூண்டில் ஏறுவார், முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, ஆட்சேபணை, ஆவணத்தைக் குறியீடு செய்வது எல்லாம் நடக்கும். நம்ம கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை.

ஏன் அப்படி? மேல்முறையீட்டு வடிவம்தான் பழைய ஆங்கில மரபு என்று பதில் சொல்வார்கள். எனக்கு இன்னொரு காரணம் தோன்றுகிறது. அது மலிவு. மேல்முறையீட்டு வாதத்துக்கு இரண்டு பேச்சாளர் போதும். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி விசாரணைப் போட்டி நடத்தும் சங்கம் 1985-இல் தொடங்கியது. அயோவா மாநிலத்தில் டிரேக் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஆரம்பித்தது. அங்கே ஒரு அணியில் குறைந்தது ஆறு பேர். மூன்று பேர் வக்கீல், மூன்று பேர் சாட்சி. பத்துப் பேர் வரை போகலாம். பத்துப் பேருக்கு டிக்கெட் எடுக்கணும், அறை எடுக்கணும். அங்கேயும் மாணவர்களே கேக் விற்றுக் காசு சேர்க்கும் அணிகள் உண்டு, கல்லூரியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் அணிகளும் உண்டு. இங்கே மூன்று பேருக்கே தடுமாறுகிறோம், ஆறு பேரை எங்கே அனுப்புவது? விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சென்னையின் சுரானா அண்ட் சுரானா சட்ட நிறுவனம் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் போட்டிகளில் விசாரணை வாதத்துக்கென்றே ஒன்று உண்டு. ஆனால் பொதுவாக எந்த வடிவத்தைக் கற்றுக்கொடுப்பது என்பதைக்கூட டிக்கெட் செலவு பாதி தீர்மானிக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இதனால் என்ன நஷ்டம்? கல்பாக்கம் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நாளைக்குப் போய் நிற்கப்போவது செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில். அங்கே முதல் பத்து வருடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை விரிவுரை ஆற்றச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். பாகப்பிரிவினை, செக் மோசடி, விபத்து இழப்பீடு, அடிதடி. எல்லாவற்றிலும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியணும். அதுவும் தமிழில். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் அலுவல் மொழி. உயர் நீதிமன்றம்தான் அரசியல் சாசனத்தின் 348-ஆவது பிரிவால் இங்கிலீஷில் நிற்கிறது, 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டமே புதிதாகிவிட்டது, பழைய 1872 சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்த சீனியர்களே திணறுகிறார்கள். இந்த நேரத்தில் தமிழில் மாதிரி விசாரணை நடத்தினால் அது வெறும் போட்டி இல்லை, தொழிலுக்கான நேரடிப் பயிற்சி.

அதற்குப் பயணமும் அதிகம் வேண்டாம். சென்னை சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது, நூறு வருடத்துக்கு மேல் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்தது. வகுப்பு முடிந்து நடந்தே போய் விசாரணை பார்க்கலாம். 2018-இல் அதைப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டு போனார்கள், மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் நிற்கவில்லை. நீதிமன்றத்துக்கு நடந்து போகிற தூரம் பஸ் தூரமாகிவிட்டது. ஆனால் இதில் எதிர்பாராத ஒரு பக்கம் உண்டு. இப்போது புதுப்பாக்கம், செங்கல்பட்டு, கொஞ்சம் தள்ளி விழுப்புரம் என்று ஒரே பாதையில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தங்க அறை வேண்டாம். ஆறு பேர் என்ன, பத்துப் பேர் போகலாம். அந்த ஆய்வாளர் பெண்ணும் போகலாம். சாட்சி வேடத்துக்கு முதலாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர்களுக்கு அதுவே பாடம்.

இதை எழுதும்போதே எனக்குள் ஒரு எதிர்க்குரல் கேட்கிறது. 'நீங்க சொல்றது, ஏழைப் பிள்ளை பக்கத்து ஊரிலேயே ஆடட்டும், டெல்லி, வாஷிங்டன் எல்லாம் வசதி இருக்கறவங்களுக்கு என்பது மாதிரி இல்லையா?' நியாயமான கேள்வி. 1960-இல் ஹார்வர்டில் தொடங்கிய ஜெஸப் போட்டி சர்வதேசச் சட்டத்தில் உலகக் கோப்பை மாதிரி. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999-இலும் 2013-இலும் அதை வென்றிருக்கிறது. அங்கே போக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 185 டாலர், இன்றைக்கு 15,000 ரூபாய்க்கு மேல், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கொரோனாவில் 2020-இன் சர்வதேசச் சுற்று ரத்தானது, 2021-இலும் 2022-இலும் இணையத்தில் நடந்தது. அந்த இரண்டு வருடம் வாதம் திரையில் நன்றாகவே நடந்தது, யாருடைய பாஸ்போர்ட்டும் தேவைப்படவில்லை. அப்புறம் பழையபடி நேரில் என்று ஆகிவிட்டது. இந்தியாவில் பல போட்டிகளும் அதே வழியில் திரும்பிவிட்டன. நீதிமன்றங்களே காணொலியில் வழக்குக் கேட்கிற காலத்தில் ஆரம்பச் சுற்றையாவது திரையில் வைத்திருக்கலாம். அதற்கு நடத்துகிற கல்லூரி ஒரு பைசாகூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் நேரில் போவதில் வாதத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது. வேறு கல்லூரி மாணவர்களோடு டீ குடிப்பது, நடுவராக வந்த வழக்கறிஞர் 'கோடை விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வா' என்று சொல்வது. திரையில் அது நடக்காது. அதனால்தான் மூன்றாவது டிக்கெட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பேச்சாளர்களைவிட அவருக்குத்தான் அந்த டீ அதிகம் தேவை.

கடிதத்தைத் திரும்ப எழுதினோம். அவர்கள் எழுதினார்கள், நான் வெட்டினேன். தங்கம், வெள்ளி, வெண்கலம் போயிற்று. 'மதிப்புமிக்க' போயிற்று. முதல் பத்தியில் மூன்று பேரும் வந்தார்கள்: யார், எந்த ஊர், அணியில் என்ன வேலை. இரண்டாவது பத்தியில் வழக்கு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டிய ஒரு விடுதியைப் பற்றிய கற்பனை வழக்கு அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாழ்கிற எவருக்கும் இரண்டே வரியில் புரிந்துவிடும், அதைப் போய் முதல் வரைவில் ஒளித்து வைத்திருந்தார்கள். இந்த இடத்தில் ஒரு சின்னத் தகராறும் வந்தது. இதே சாலையில் விடுதி வைத்திருப்பவரிடம் இந்த வழக்குக்குக் காசு கேட்கலாமா? அணித்தலைவர் கேட்கலாம் என்றார், ரெண்டு தரப்புக்கும்தானே வாதாடுகிறோம் என்று. ஆய்வாளர் வேண்டாம் என்றார். 'நாளைக்கு அவங்க மேல கேஸ் வந்தா நம்மகிட்ட தர்மசங்கடம்' என்றார். வேண்டாம் என்றே முடிவானது. ஒரு சட்ட மாணவியிடமிருந்து இதைக் கேட்டதில் எனக்கு சந்தோஷம்.

மூன்றாவது பத்தி, பட்ஜெட். மூன்று பேருக்கு. ஒவ்வொரு இனமும் தனி வரியில், இதில் யார் எதைத் தரலாம் என்ற மாதிரி. முழுத்தொகையைக் கேட்டால் மிரளுகிறவர் ஒரு டிக்கெட்டை எடுத்துத் தரத் தயங்கமாட்டார். காசாக வேண்டாம், டிக்கெட்டாகவே எடுத்துக் கொடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தோம், 'செக் யார் பேருக்கு' என்ற கேள்வி அதிலேயே அடிபட்டுப் போனது. எழுத்துவாதத்தின் பிரதிகளை அச்சடிக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் காசு வாங்கவில்லை. சி.எஸ்.ஆர். வரி நீக்கப்பட்டது. கடிதம் கம்பெனிகளுக்குப் போகவில்லை. அந்தக் கல்லூரியில் முன்பு படித்துவிட்டு இப்போது தொழில் செய்கிற வழக்கறிஞர்கள் பதினெட்டுப் பேருக்குப் போனது, ஒவ்வொன்றும் பெயர் போட்டு.

மூன்று பேரும் போனார்கள். கால் இறுதிக்கு முன்பே தோற்றுத் திரும்பினார்கள், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்தக் கடித வகையில் நான் படித்ததிலேயே நல்ல பக்கம் அதற்கு அப்புறம் வந்தது. உதவிய ஒவ்வொருவருக்கும் ஆய்வாளர் அனுப்பிய ஒரு பக்கச் செலவுக் கணக்கு. முன்னுரை கிடையாது, 'வார்த்தைகளால் நன்றி சொல்ல இயலாது' கிடையாது. டிக்கெட், பதிவுக் கட்டணம், ஆட்டோ, சாப்பாடு, தேதிவாரியாக. கீழே, 'மீதம் ரூ. 640, அடுத்த வருட அணிக்கு, நூலகப் பொறுப்பாளரிடம் ரசீது பெற்று ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அடிக்குறிப்பு: ஆக்ராவில் வாங்கிய பேட்டா சொந்தச் செலவு, இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.